ஒற்றைச் செருப்பு

எல்லோரும் சௌக்கியமா? முழங்கால், முதுகு எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறதா? என்னுடையது கேட்பதில்லை, அதை விடுங்கள். போன வெள்ளிக்கிழமை பார்த்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

என் மருமகள் சின்னப் பிள்ளைகளுக்குப் புது மொழி சொல்லிக்கொடுக்கும் டீச்சர். வாரம் ஒரு நாள் அவள் வகுப்பில் பென்சில் சீவிக்கொடுக்கப் போவேன். அங்கே ஆறு வயதில் ஒரு பெண், சிட்டு என்று கூப்பிடுவோம். வீட்டில் வாய் ஓயாதாம். வகுப்பிலோ நான்கு மாதமாக ஒரு வார்த்தை கிடையாது. வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை வந்து உட்காருவார், அன்றும் பேசாவிட்டால் கீழ் வகுப்புக்கு அனுப்பிவிடுவார் என்று முடிவாகியிருந்தது.

அந்தப் பதற்றத்தில் மருமகள் படம் சேர்த்தாள் பாருங்கள், ஒரே திரையில் பன்னிரண்டு. குடை, வாளி, செருப்பு, ஏணி. ஒவ்வொன்றுக்கும் அடியில் பேர், சுற்றிலும் நட்சத்திரம், மூலையில் ஆடுகிற கரடி வேறு.

"என்னம்மா இது, கல்யாண ஆல்பமா?"

"அத்தை, நீங்க பென்சிலை மட்டும் பாருங்க."

பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை படம் விழுந்ததும் வகுப்பு சந்தைக்கடை ஆனது. அத்தனை பிள்ளைகளும் கரடியோடு சேர்ந்து ஆடினார்கள். சிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் தலைமையாசிரியை ஏதோ எழுதினார். கரடியை நிறுத்தப் பார்த்த மருமகள் ரிமோட்டில் எதையோ அழுத்தினாள். படம் பெரிதானது. திரும்ப அழுத்தினாள். இன்னும் பெரிதானது. கரடியும் போச்சு, பேரும் போச்சு. திரை முழுக்க வாசற்படியில் சேறு படிந்த ஒரே ஒரு செருப்பு. அதன் ஜோடி திரைக்கு வெளியே போய்விட்டது.

வகுப்பு அடங்கியது. கைகழுவும் குழாய் சொட்டுவது கேட்டது.

சிட்டு எழுந்து போய்த் திரையின் ஓரத்தில் விரலை வைத்தாள். புது மொழியில்தான் கேட்டாள், நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"இன்னொண்ணு எங்க?"

மருமகள் ரிமோட்டை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"தெரியலையே. எங்க போயிருக்கும்?"

"நாய் தூக்கிட்டுப் போச்சு" என்றான் முன்வரிசைப் பையன்.

"இல்ல. சேத்துல மாட்டிக்கிச்சு. உள்ள அம்மா திட்டறாங்க" என்றாள் சிட்டு.

வார்த்தைகள் முன்னே பின்னே விழுந்தன. கதை நேராக நின்றது. நான்கு மாதமும் இத்தனையும் அவளுக்குள்ளேதான் இருந்திருக்கிறது. சீவின பென்சிலையே திரும்பத் திரும்பச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தலைமையாசிரியை எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

"டீச்சர், அந்த இன்னொரு செருப்பை மட்டும் காட்டிடாதீங்க" என்றார்.

சிட்டு இன்றும் அதே வகுப்பில்தான். அன்று சாயங்காலமே மருமகள் உட்கார்ந்து பதினோரு படத்தைத் திரையிலிருந்து நீக்கிவிட்டாள், செருப்பு மட்டும் மிச்சம்.

"கரடியையாவது வச்சுக்கோயேன்."

"போங்க அத்தை."

உங்கள் வீட்டுப் பிள்ளை எந்தப் படத்தைப் பார்த்து வாய் திறந்தது? என்ன சொன்னது? ஒன்று விடாமல் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.