ஏழாம் படமும் பதினோராம் படமும்

டிஜிட்டல் கேமரா என்கிற சனியனை 2003இல் என் தலையில் கட்டினார்கள். அதுவரை இருபத்தெட்டு வருஷம் பெங்களூர் அல்சூரில் ஸ்டூடியோ நடத்திக்கொண்டே, போலீஸ் கூப்பிட்டால் ஃபிலிம் ரோலோடு ஓடியவன் நான். இராஜமாணிக்கம் எடுத்தால் பிணம்கூட லட்சணமாக இருக்கும் என்று ஸ்டேஷனில் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவனுக்கு மூன்று நாள் பயிற்சியாம்! சொல்லிக்கொடுத்தவள் ஷ்ரேயா, என் மகள் வயசு.

"முதல்ல வாசல்ல நின்னு எடுங்க சார். அப்புறம் ஷூ மேல பிளாஸ்டிக் உறை போட்டுட்டு உள்ள போங்க. எடுத்த எதையும் அழிக்காதீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்துவிட்டாள் பார்.

அடுத்த வாரமே ஏரிப் பக்கம் தனியாக வாழ்ந்த பாகீரதி அம்மாள் தலையில் அடிபட்டுச் செத்துக்கிடந்தார். கழுத்தில் சங்கிலி இல்லை. காலை எட்டு மணிக்குப் போனேன். பூஜை அலமாரியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோலமாவு டப்பா கவிழ்ந்து சிவப்புத் தரையெல்லாம் வெள்ளை. அந்தப் பெண் சொன்னபடி வாசலில் நின்று ஏழு படம் எடுத்தேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சாமி விளக்கு எரிகிற வீட்டுக்குள் செருப்போடு நுழைய யாருக்கு மனசு வரும்? பிளாஸ்டிக் உறை பையிலேயே கிடந்தது.

புதுக் கேமராவின் முதுகில் ஒரு சின்னத் திரை. கையை நீட்டி, அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு, அறை முழுசும் அடங்கட்டும் என்று பின்னால் நகர்ந்து நகர்ந்து எடுத்தேன். பத்தாவது படம் முடிந்தபோது இன்ஸ்பெக்டர் ஜெயராமன் கத்தினார். பெங்களூர் வழக்கப்படி அவருக்கு யாரைப் பார்த்தாலும் 'குரு'தான்.

"ஏ குரு, இங்க பாரு! மாவுல கால் தடம். வெறுங்காலு. நம்ம ஆளுங்க எல்லாம் பூட்ஸு. ஸ்கேல் வெச்சு எடு!"

எடுத்தேன். பதினோராம் படம். பளிச்சென்று விழுந்தது, எனக்கே பெருமையாக இருந்தது.

முன்பெல்லாம் ஃபிலிம் கழுவிப் பிரிண்ட் போட ஒரு நாள் ஆகும். அன்றைக்குப் பத்து மணிக்கே படம் ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் இருந்தது. பதினோரு மணிக்குச் சின்னப்பாவைப் பிடித்து வந்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்தத் தெருவில் பம்பு ரிப்பேர் செய்கிறவன், காலில் செருப்பே போடாதவன். விடிகாலையில் அவன் அந்த வீட்டிலிருந்து வந்ததைப் பால்காரர் பார்த்திருக்கிறார்.

"தடம் ஒம்பதே முக்கால் அங்குலம். அவன் காலும் அதே தான்," என்றார் ஜெயராமன்.

"வெளிய மோட்டார் பாத்துட்டு அப்படியே போய்ட்டேன் சாமி. உள்ள காலே வெக்கல. அம்மா காபி குடுத்துச்சு சாமி, நான் போய்..." சின்னப்பா கெஞ்சினான். வெளியே அவன் பொண்டாட்டி சின்னத்தாயி மாரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"மத்தியானத்துக்குள்ள ஒத்துக்குவான். நீ அந்தத் தடத்த மட்டும் பெரிசா பிரிண்ட் போடு." லத்தியோடு ஜெயராமன் அவனை உள்அறைக்கு இழுத்துப் போனார்.

படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். வலது கால். நாலு விரல்தான் பதிந்திருந்தது, சுண்டுவிரலைக் காணோம்.

என் வலது சுண்டுவிரல் பிறவியிலேயே பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், தரையைத் தொடாது. மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். விரலிடுக்கில் மாவு.

ஏழாம் படத்தைத் திறந்தேன். அதே இடம், அதே மாவு, தடம் இல்லை. மூலையில் நேரம் 8:12. பதினோராம் படத்தில் 8:31. அந்த வீட்டில் அந்தப் பத்தொன்பது நிமிஷத்தில் வெறுங்காலோடு நடந்தவன் நான் ஒருத்தன்தான்.

ஏழாம் படம் போய்விட்டால் என் மானம் தப்பும், சின்னப்பா ஜெயிலுக்குப் போவான். அழிக்கிற பொத்தான் விரலுக்குக் கீழேயே இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், விரல் அதன்மேல் போனது. இருபத்தெட்டு வருஷத்துப் பேர் சார்!

உள்ளே முதல் அடி விழுந்தது. "அம்மா!" என்று அலறினான்.

"நிறுத்துங்க சார்!" கத்தியது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

ஜெயராமன் வெளியே வந்தார். "இன்னா குரு?"

"அந்தத் தடம் அவனோடது இல்ல. என்னோடது."

"தமாஷ் பண்றியா?"

இரண்டு படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அப்புறம் வலது காலை அவர் மேசைமேலேயே தூக்கி வைத்து, ஒட்டினாற்போல ஸ்கேலை வைத்து, ஒரு படம் எடுத்தேன். நாற்பத்திரண்டாம் படம். கேமராவை அவரிடம் நீட்டினேன்.

படத்தையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "இனிமே ஒரு ஸ்டேஷன்லயும் உன்ன கூப்பிட மாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

சின்னப்பாமேல் வேறு சாட்சி எதுவும் நிற்கவில்லை, சாயந்திரம் விட்டுவிட்டார்கள். படியில் நொண்டிக்கொண்டே இறங்கி வந்தவன் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க சத்தம் போட்டதாலதான் சாமி நான் பொழச்சேன்," என்று குனிந்து என் காலைத் தொட வந்தான். சட்டென்று வலது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"தொடாதேடா. இந்தக் காலாலதான் நீ அடி வாங்கினே."