ஜெனீவாக்காரர் கேட்ட சாட்சி

மாணிக்கவேல் முதலாளி ஒருவரை வேலையைவிட்டுத் தூக்குவதென்றால் முதலில் காபி வரவழைப்பார். குரோம்பேட்டையில் அவருடைய தோல் கையுறைக் கம்பெனியில் இதை அறியாதவர் கிடையாது. எழுபத்திரண்டாம் வருடம் ஒரு திங்கட்கிழமை பர்சனல் ஆபீசர் வேதசிரோமணிக்குக் காபி வந்தது.

"ஜெனீவா பேங்க் ஆளு வெள்ளிக்கிழமை வரார். புது மெஷினுக்குக் கடன் வேணும்னா கம்பெனி எழுதித் தர்றதை நம்ப மாட்டாங்களாம். தொழிலாளிங்க வாயால கேக்கணுமாம். நாம குறுக்கே பேசக் கூடாதாம். அதுதான் அவங்க ரூல். கடன் வரலேன்னா எனக்குப் பர்சனல் ஆபீசர் எதுக்கு?"

வேதசிரோமணி காபியைத் தொடாமல் எழுந்து வந்தார். மேற்குத் தாம்பரத்தில் அவர் வீடு ஜன்னல் உயரத்தில் நிற்கிறது. கூரை போடும் முன் சம்பளம் நின்றால் மனைவி ரத்தினபாய் சண்டை போட மாட்டாள். கீர்த்தனை பாடிக்கொண்டே பாத்திரங்களை நங்கு நங்கென்று வைப்பாள். அவருக்கு அதுதான் பயம்.

கூச்சப்படுகிறவர்களைப் பேச வைக்க அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. அவர் சபையின் ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்வார்கள்: முதலில் பழைய இருட்டு, பிறகு கிடைத்த வெளிச்சம். இருட்டு எவ்வளவு கறுப்போ, வெளிச்சத்துக்கு அவ்வளவு மவுசு. அதையே தொழிலாளிகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். ஒத்திகையில் இருட்டு முடிவதற்குள் சங்கு ஊதிவிட்டது. மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார் மனிதர்.

வெள்ளிக்கிழமை வேப்பமரத்தடியில் வெள்ளைக்காரரும், மொழிபெயர்க்க ஓர் அம்மாளும் உட்கார்ந்தார்கள். சாயத்தொட்டி சவுரிமுத்து முதலில் எழுந்தார்.

"முன்னாடி தொட்டிக்கு மூடி கிடையாது சார். நானே ரெண்டு தபா உள்ள வுழுந்துகீறேன்."

தையல் பிரிவு அருள்மேரி விடுவாளா? "முன்னாடி ஊரு உலகத்துக்கெல்லாம் கிளவுஸ் தெச்சோம். தோலு கழுவறவங்க மட்டும் வெறுங்கையோட நின்னாங்க!"

"முன்னாடி பொம்பளைங்க கக்கூஸுக்குக் கொக்கியே இல்ல" என்றாள் ரேணுகாம்பாள். "ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய கதவப் புட்ச்சினு நிக்கணும்."

கூட்டம் சூடு பிடித்தது. ஆளுக்கு ஆள் மிஞ்சினார்கள். வேதசிரோமணியே தன்னை மறந்து "ஸ்தோத்திரம்!" என்று சொல்லிவிட்டார்.

"சரி, இப்போது எப்படி?" என்று கேட்கச் சொன்னார் வெள்ளைக்காரர்.

எல்லோரும் சாயத்தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். தொட்டிக்கு இப்போதும் மூடி இல்லை. முதலாளியின் முகம் சுண்டிவிட்டது. வேதசிரோமணிக்கு வேர்த்துக் கொட்டியது. அருள்மேரி அவரைப் பார்த்தாள், பாவமாக இருந்தது.

"இனிமே எல்லாத்தையும் சரி பண்றேன்னு எங்க சார் வாக்குக் குடுத்துகீறாரு!"

"ஆமா, ஆமா!" என்றார்கள் எல்லோரும்.

வேதசிரோமணி அப்படி எதையும் சொன்னவரில்லை. ஆனால் குறுக்கே பேசக் கூடாதே!

கடன் கிடைத்துவிட்டது. இத்தனை ஒளிவுமறைவில்லாத கம்பெனியை ஜெனீவா கண்டதே இல்லையாம். கூடவே ஒரு நிபந்தனை: வாக்குக் கொடுத்த அதிகாரிதான் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும், கடைசி வேலை முடியும்வரை அவரை நீக்கக் கூடாது. முதலாளி அதைப் படித்துவிட்டு, வேதசிரோமணிக்கென்று வரவழைத்த காபியைத் தானே குடித்தார்.

தொட்டிக்கு மூடி வந்தது, கைகளுக்குக் கையுறை வந்தது. மேற்குத் தாம்பரத்தில் கூரையும் ஏறியது. கொக்கி மட்டும் தகராறு செய்தது. வேதசிரோமணி தானே வாங்கித் தன் கையாலேயே மாட்டினார். வருடா வருடம் வெள்ளைக்காரர் வந்து பார்க்கும்போது கதவு மொட்டையாக நிற்கும். "இன்னும் வர்ல சார்" என்பாள் ரேணுகாம்பாள்.

"ஒரு கொக்கி போடத் துப்பில்லையாய்யா உமக்கு?" என்று முதலாளி பல்லைக் கடிப்பார். அதற்குமேல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாம் வருடம் வெள்ளைக்காரரின் கார் கிளம்பியதும், வேதசிரோமணி புதுக் கொக்கியும் திருப்புளியுமாக அந்தக் கதவருகே போனார். ரேணுகாம்பாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பழைய கொக்கியை எடுத்துக் கதவில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"அந்தாளு கண்ணுல இது பட்டா உங்க வேலை பூடும் சார். அதான் வர்றன்னிக்கி மட்டும் கயட்டிட்றோம். நாங்க கதவப் புட்ச்சிக்கிறோம், ஒரு நாளு தானே?"

வேதசிரோமணி திருப்புளியை அவளிடம் கொடுத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.