சாணம் ஊறும் வீடு

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் வேளாண்மைக் கல்லூரி ஒன்றுக்கு வடக்கே, மாணவர் சகோதர சங்கத்தின் வீட்டில், 1921 அக்டோபரிலிருந்து தரைப்பலகை இடுக்குகளில் பசுஞ்சாணம் ஊறுகிறது. நாளொன்றுக்கு இரண்டு வாளி, ஞாயிற்றுக்கிழமை மூன்று.

அந்தச் சங்கத்தை 1906இல் தொடங்கிய ஏழு பேரில் எமில் வ்ரானா ஒருவர். விடியலில் தொழுவத்தில் பால் கறந்துவிட்டு வகுப்புக்குப் போகும் குடியானவப் பிள்ளைகளுக்கு அன்று ஊரில் அறை கிடைக்கவில்லை. "நீ நல்ல பிள்ளதான்ப்பா, ஆனா உன் பின்னாலயே மாடும் மாடிப்படி ஏறி வருதே" என்று சொல்லி வீட்டுக்காரம்மாள் எமிலின் பெட்டியைத் தெருவில் வைத்தாள். ஏழு பேரும் ஒழுகும் வீடொன்றைப் பிடித்து, ஒரே சட்டி உருளைக்கிழங்கைப் பகிர்ந்து தின்றார்கள். சங்கத்தின் நோக்கத்தை எமில்தான் கரித்துண்டால் சுவரில் எழுதினார்: நாற்றத்துக்காக எவனையும் வெளியே நிறுத்துவதில்லை. புதியவனைச் சேர்க்க ஆளுக்கொரு மக்காச்சோள மணியைச் சுருட்டுப் பெட்டியில் போடுவது வழக்கம். வெள்ளை என்றால் சம்மதம். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் அவன் போக வேண்டியதுதான். பதினைந்து வருடம் பெட்டியருகே வைத்திருந்த கறுப்பு மணிக் கிண்ணத்தை யாரும் தொடவில்லை.

அதற்குள் எமில் வெண்ணெய் ஆலை முதலாளியாகி, லாவண்டர் சோப்பு போட்டுக் குளிப்பவராகியிருந்தார். மூத்த உறுப்பினராக அவர் வாக்களிக்க வந்த அன்று, சங்கத்தில் சேர வந்திருந்த, பன்றி வளர்ப்பவரின் மகன் க்னூட் ட்வெய்ட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். உள்ளங்கையில் ஒட்டிய அந்த வாடையை எமில் கைக்குட்டையால் துடைத்தார். தன் பழைய சட்டையை யாரோ முகத்தில் அழுத்தியது போலிருந்தது. சுருட்டுப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு கறுப்பு மணி கிடந்தது. "எவன்டா அது?" என்று தலைவன் லாயிட் கத்தினான். எல்லாரும் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தார்கள். எமிலும்தான்.

வாசலில் துணிப்பெட்டியோடு நின்ற க்னூட், "பரவால்லீங்க, எங்க பன்னிங்க ஓட்டுப் போடறதில்ல" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு நடந்தான்.

மறுநாள் காலை சாணம் ஊறத் தொடங்கியது. சூப்பில் ஈ மிதந்தது, புழு செருப்புக்குள் ஏறியது, பையன்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு படித்தார்கள். வாரந்தோறும் சாணம் அள்ள மண்வெட்டியோடு வந்து நின்ற எமிலுக்கு மட்டும் எந்த நாற்றமும் தெரியவில்லை; லாவண்டர்தான் மணத்தது. சாணத்துக்கு நடுவே நின்றுகொண்டு அந்த மணத்தை முகர்ந்த ஒவ்வொரு முறையும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

நான்காம் வருடம் ஒரு மதியச் சாப்பாட்டில், "அந்தக் கறுப்பு மணி நான் போட்டதுதான்" என்றார்.

லாயிட்டுக்குப் பின் தலைவனானவன் ரொட்டியிலிருந்து தலை தூக்கவில்லை. "தெரியும்ண்ணே. அன்னைக்கு நீங்க உக்காந்த நாற்காலிக்கு அடியிலதான மொதல்ல ஊறுச்சு. அந்த வாளிய இப்படித் தள்ளுங்க."

சாணம் கோசுப் பாத்திக்குப் போகிறது. கோசு நன்றாகவே விளைகிறது. இன்று ஞாயிறு, எமில் மூன்றாவது வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறார்.