சோலையம்மாளின் பென்ஷன்

திருமலைச்சாமி பச்சைப் பூண்டை விற்றதே இல்லை. பள்ளங்கி மலைக்கிராமத்தில் மற்றவர்கள் தோண்டிய கையோடு மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள். இவர் மட்டும் அடுப்புக்கு மேலே பரணில் போட்டுப் புகையில் காயவைத்து, விலை ஏறும்வரை அசையமாட்டார். பாதி வருஷங்களில் ஜெயித்திருக்கிறார். தோற்ற வருஷங்களைப் பற்றிப் பேசமாட்டார்.

மனைவி சோலையம்மாளின் பென்ஷனுக்கும் அதே பூண்டுக் கணக்கைப் போட்டார். அவள் அவரைவிடப் பதிமூன்று வயது இளையவள். நாயுடுபுரத்தில் ஒரு பள்ளி விடுதியில் பல வருஷம் சமைத்துவிட்டு, ஐம்பது வயதில் முட்டிவலியால் நின்றுவிட்டாள். பி.எஃப். பென்ஷனை அப்போதே வாங்கியிருக்கலாம். ஆனால் ஐம்பத்தெட்டுக்கு முன்னால் வாங்கினால் தொகையில் வெட்டு உண்டு, அந்த வெட்டு ஆயுசுக்கும் தொடரும்.

“பொறு புள்ள. நான் மொதல்ல போயிருவேன். ஒத்தையாக் கெடக்கப் போறவ நீதான். அப்ப முழுசா வரணும்ல?” என்றார்.

மூத்தவர்தான் முதலில் போவார் என்று இவருக்கு யார் எழுதிக் கொடுத்தார்களோ.

இரண்டு வருஷம்கூடப் போகவில்லை. சோலையம்மாளுக்கு வயிற்றில் கட்டி என்றும், முற்றிவிட்டது என்றும் மதுரையில் சொன்னார்கள். வைத்தியம் காப்பீட்டில் நடந்தது. ஆனால் மலை இறங்கி ஏற வண்டி, வெளியில் வாங்கும் மருந்து, தங்கும் செலவு என்று பூண்டுப் பணம் கரைந்தது. திருமலைச்சாமி அவளை நாயுடுபுரத்தில் ஜாசிமின் கம்ப்யூட்டர் கடைக்கு அழைத்துப் போனார்.

“பென்ஷனுக்கு இப்பவே எழுதிப் போடுப்பா. எம்புட்டு வெட்டுனாலும் வெட்டிக்கிறட்டும்.”

ஜாசிம் எல்லாவற்றையும் நிரப்பினான். சோலையம்மாள் மெதுவாகக் கேட்டாள்: “தம்பி, இத வாங்க ஆரம்பிச்சபெறகு நான் போய்ட்டா இவருக்கு எம்புட்டு வரும்?”

“நீங்க வாங்குறதுல பாதிங்கக்கா.”

“வாங்காமலே போய்ட்டா?”

ஜாசிம் தயங்கினான். “அதவிடக் கூட வரும்.”

அவள் தலையாட்டிக்கொண்டாள். அவளுடைய போனில் மணி அடித்தது.

“ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கக்கா. அதப் போட்டாத்தான் மனு போகும்.”

சோலையம்மாள் போனை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

“சொல்லு புள்ள,” என்றார் திருமலைச்சாமி.

“வேணாங்க.”

“ஒனக்கு மருந்து வாங்கத்தான கேக்குறேன்!”

“மருந்து எத்தன நாளைக்குங்க? டாக்டர் சொன்னது ஒங்க காதுலயும்தான விழுந்துச்சு. நமக்குப் புள்ளையா குட்டியா? நான் இல்லாம ஒங்களுக்கு யாரு இருக்கா? அந்தப் பென்ஷனாச்சும் ஒங்களுக்குக் கொறையாமக் கெடக்கட்டும்.”

அவர் அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். எலும்பாக இருந்தன. வலிக்குமோ என்று பயந்து விட்டுவிட்டார்.

“டைம் முடிஞ்சிருச்சுங்க. இன்னொருக்கா அனுப்பவா?” என்றான் ஜாசிம்.

“அனுப்பாதீங்க தம்பி.”

திருமலைச்சாமி தரையிலேயே உட்கார்ந்து, கடையில் நின்றவர்கள் பார்க்க வாய்விட்டு அழுதார். சோலையம்மாள் அவர் தோளைத் தொட்டாள்.

“எந்திரிங்க. பஸ்ஸு போயிரும்.”