காட்டிக்கொடுக்கும் மட்டை

பென்னலூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கிற சின்னப்பொண்ணு அக்கா மளிகைக் கடையில், தராசின் ஒரு தட்டில் பழைய டென்னிஸ் மட்டையையும் இன்னொரு தட்டில் புது மட்டையையும் வைத்தேன். இரண்டும் சரிந்து பருப்பு மூட்டை மேல் விழுந்தன. அப்புறம் தட்டுகளைக் கழற்றிவிட்டு, சணல் கயிற்றால் மட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டேன்.

"இன்னாடா தசரதா, பேட்டைக் கிலோ கணக்குல விக்கப் போறியா?" என்றார் அக்கா. எண்ணெய் வாங்க வந்தவர்கள் எண்ணெயை மறந்துவிட்டு நின்றார்கள்.

பழைய மட்டை இருந்த பக்கம் விர்ரென்று கீழே இறங்கியது. புதியது மேலே போய் ஆடியது. வேடிக்கை என்னவென்றால் புதியதன் தலை முறம் அளவு இருக்கும். பழையதன் தலை அதில் முக்கால்வாசி தேறினால் அதிகம். பார்க்கிற யாரும் பெரியதுதான் கனம் என்று அடித்துச் சொல்வார்கள். நான் சட்டைப் பையிலிருந்து ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புது மட்டையில் ஒட்ட ஆரம்பித்தேன்.

கார் கம்பெனியில் டயர் மாட்டும் லைனில் எனக்கு வேலை. சக்கரம் ஓடும்போது உதறக் கூடாது என்பதற்காக, கனம் குறைகிற இடம் பார்த்து ரிம்மில் விரல் நகம் அளவு ஈயத் துண்டுகளை ஒட்டுவோம். தப்பாக ஒட்டி உரித்தவை குப்பைத் தொட்டிக்குப் போகும். அதில் கொஞ்சம் வேண்டும் என்று சூப்பர்வைசர் கலைமணியிடம் கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். "பொண்டாட்டிக்கே வீல் பேலன்சிங்கா? எடுத்துகினு போ, கேட்ல நான் சொல்லிக்கிறேன்" என்று சிரித்தார். மறுநாள் லைன் முழுக்க அதே பேச்சு. சிரிக்கட்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பழைய மட்டை என் மனைவி செல்லக்கனியுடையது. எங்கள் வீட்டுக்கு அவள் கொண்டுவந்த சீர் என்றால் ஒரு பெட்டி துணியும் அந்த மட்டையும்தான். பாளையங்கோட்டையில் காலேஜ் படித்தபோது மாநிலப் போட்டிக்கு வந்த ஒரு சென்னைப் பெண், கை வலிக்கிறது, இதைத் தூக்கி மாளவில்லை என்று இவளுடைய லேசான மட்டையை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்துவிட்டுப் போனாளாம். அன்று பிடித்தவள்தான். சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தபோதும், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் நாங்கள் பார்த்துப் பழகியபோதும், என்னைக் கட்டிக்கொண்டபோதும் அதை விடவில்லை. கல்யாணத்துக்கு முன்பு என்னிடம் அவள் கேட்ட ஒரே கேள்வி, "உங்க ஊர்ல நல்ல செவுரு இருக்கா?" என்பதுதான்.

இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மோட்டார் அறையின் பின்சுவர். ஷிப்ட் முடிந்து வந்ததும் அங்கே போய் அடிப்பாள். முதலில் ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. பிறகு பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை. ஒருநாள் அவள் போன பிறகு அந்தச் சுவரைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அவ்வளவு பெரிய சுவரில் பந்து பட்ட தடம் எல்லாம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் இருந்தது. வெளியே ஒன்றிரண்டுகூட இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

நானும் ஒரு தடவை அங்கேயே அவளிடம் மட்டையை வாங்கி அடித்துப் பார்த்திருக்கிறேன். தூக்கியதும் தெரிந்தது, விளையாட்டுச் சாமான் இல்லை இது, கடப்பாரைக்குச் சொந்தக்காரன். பந்து நரம்பில் படவே இல்லை. சட்டத்தில் பட்டுப் பட்டு மணிக்கட்டு விண்விண் என்று தெறித்தது. கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில், எப்படி என்று கேட்காதீர்கள், ஒரு பந்து சரியாக நடுவில் பட்டது. கையில் ஒன்றுமே தெரியவில்லை. அடித்தேனா என்றே சந்தேகம். நிமிர்ந்து பார்த்தால் பந்து சுவருக்கு மேலே பறந்து, அதற்கு அப்பால் பிளாட்டுக்கு நட்ட கற்களையெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"கையில ஒண்ணும் தெரியலல்லா?" என்றாள் கனி. "அதுக்குத்தான் இத வச்சிருக்கேன்."

அந்த மட்டையில்தான் இப்போது கீறல் விட்டிருந்தது. தொழிற்பேட்டையில் இருக்கிற கம்பெனிகளுக்குள் நடக்கும் விளையாட்டுப் போட்டியில் பெண்கள் டென்னிஸ் அரையிறுதி. தாழ்ந்து வந்த பந்துக்குப் பாய்ந்தபோது மட்டை சிமெண்டுத் தரையில் மோதிவிட்டது. அந்த ஆட்டத்தில் எப்படியோ ஜெயித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கழுத்தில் மயிரிழை போல ஒரு கோடு. அதற்கப்புறம் பந்து படும்போதெல்லாம் உள்ளே ஈ மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு ரீங்காரம்.

இறுதி ஆட்டம் வெறும் கப்புக்காக இல்லை. கனியின் காண்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. அவளோடு சேர்ந்த பெண்களில் பாதிப் பேரை ஏற்கெனவே அனுப்பிவிட்டார்கள். ஹெச்.ஆர். சந்திரலேகா மேடம் மட்டும், "கப்போட வா செல்லக்கனி, ஸ்போர்ட்ஸ் லிஸ்ட்ல போட்டு உன்னைப் பெர்மனெண்ட் பண்ண வேண்டியது என் பொறுப்பு" என்று சொல்லியிருந்தார். கையோடு கம்பெனி பெயர் அச்சடித்த புது மட்டையையும் கொடுத்தார். முறம் அளவுத் தலை, தக்கை கனம். கனி அதை வாங்கி வந்து கதவுக்குப் பின்னால் சாத்தியவள்தான், தொடவில்லை.

அதனால்தான் தராசு. கனம்தான் அவளுக்குப் பிரச்சினை என்று நினைத்தேன். பழையதன் கனம் எவ்வளவோ, அது எங்கே உட்கார்ந்திருக்கிறதோ, அதே மாதிரி புதியதில் கொண்டுவந்துவிட்டால் போயிற்று. முள் நடுவில் நின்றபோது சின்னப்பொண்ணு அக்கா கை தட்டினார். பிறகு இரண்டையும் ஒற்றை விரலில் நிறுத்திப் பார்த்து, துண்டுகளை இடம் மாற்றி மாற்றி ஒட்டினேன். அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

கனி அதை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அடித்தாள். பந்து தட்டு அகலத்துக்குள்தான் போய் விழுந்தது. ஆனால் அவள் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. நிறுத்தினாள்.

"கனம் அச்சு அசல். நீங்க ஒரு குறையும் வைக்கல."

"அப்பறம் இன்னா?"

"இப்ப நாலு பந்து தப்பா அடிச்சேன். நாலும் செவுத்துல சரியாப் போயிட்டு. அது பாட்டுக்கு மன்னிச்சு விட்டுருது. நான் அடிச்சேனா, அது அடிச்சுதான்னே தெரிய மாட்டேங்கு. என்னோடதுன்னா தப்பு பண்ணுனா அங்கனயே காட்டிக்கொடுத்துரும்."

"மன்னிச்சா நல்லதுதானே!" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கெலிக்கணுமா வேணாமா? வேல போனா அந்தச் சின்னத் தலைய வச்சி இன்னா பண்ணுவ, தோசை திருப்புவியா?"

அவள் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். பழைய மட்டையை எடுத்து, கீறல் விட்ட கழுத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றத் தொடங்கினாள். நான் ஆத்திரத்தில் புது மட்டையிலிருந்த ஈயத்தையெல்லாம் உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் மைதானத்தில் இறுதி ஆட்டம். இரண்டு கம்பெனி பஸ்களிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கி விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். கனியோடு மோத வேண்டியவர் சுந்தராம்பாள், ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் அதிகாரி. நாற்பதைத் தாண்டியவர். முழங்கையில் பட்டை கட்டியிருந்தார். இந்தம்மாவை ஊதித் தள்ளிவிடலாம் என்று எங்கள் பக்கத்துப் பையன்கள் பேசிக்கொண்டார்கள். அவர் உறையிலிருந்து மட்டையை எடுத்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். கனியுடையது போலவே அதே சின்னத் தலை. அதே கறுப்புப் பெயிண்ட், அதே மாதிரி ஓரமெல்லாம் தேய்ந்து.

சும்மா தட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பந்து போயிருக்கும். சுந்தராம்பாள் கையைத் தூக்கி நிறுத்திவிட்டு வலைக்கு வந்தார்.

"என்னம்மா சத்தம் அது? கொண்டா பாக்கலாம்."

கனி நீட்டினாள். அவர் டேப்பைத் தடவிப் பார்த்தார். தனக்கே அடிபட்ட மாதிரி அவர் முகம் மாறிற்று.

"இதை மாத்தச் சொல்லி எத்தனை பேர் சொன்னாங்க உனக்கு?"

"எல்லாரும் மேடம்." கனி தலையைத் திருப்பாமலே கண்ணால் என்னைக் காட்டினாள். "அவுகளும்தான்."

"எனக்கும்தான். டாக்டர் சொல்லிட்டார், லேசா மாத்து இல்லன்னா முழங்கை போயிடும்னு. எங்க வீட்டுக்காரர் இதைப் பரண்ல ஒளிச்சு வெச்சார். ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துட்டேன்." இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆட்டத்துக்கு வந்தவர்கள் மாதிரியே இல்லை, ஒரே தெருவில் பிறந்தவர்கள் மாதிரி இருந்தது.

அப்புறம் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தன் பைக்குப் போய், அதே மாதிரி இன்னொரு மட்டையை எடுத்து வந்து வலைக்கு மேலே நீட்டினார். "இந்த மாடலை இப்ப பண்றதே இல்ல. என்னோடது உடைஞ்சா என்ன பண்றதுன்னு பயந்து பயந்து இதை வெச்சிருக்கேன். நீ இதுல ஆடு. அந்தக் கீறல் சத்தத்தோட ஆடி நீ தோத்தா எனக்குத் தூக்கம் வராது."

அவருடைய கம்பெனிப் பையன்களிடமிருந்து ஒரு முனகல் எழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கனி வாங்கி இரண்டு முறை காற்றில் வீசினாள். புருவம் நெளிந்தது. இரவல் வாங்கிய இடத்தில் குறை சொல்லலாமா என்று அவள் தயங்குவது எனக்குத் தெரிந்தது. "தலை மட்டும் கொஞ்சம் லேசா இருக்கு மேடம்."

"என் கையில இருக்கறதுக்கு ஈயம் ஒட்டியிருக்கேன். அதுக்கு ஒட்டலை. இப்ப ஈயத்துக்கு எங்க போறது?"

வேலியைத் தாண்டிக் குதித்தேன். அப்படித்தான் சொல்ல வேண்டும், வாசல் பக்கத்திலேயே இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. மூன்று நாளாகத் துவைக்காத அதே சட்டை. பையிலிருந்து ஈயத் துண்டுகளை அள்ளி உள்ளங்கையில் நீட்டினேன். கனி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எத்தனை சண்டை வேண்டுமானாலும் போடலாம்.

மட்டையின் தலையில் ஒவ்வொரு துண்டாக வைத்தேன். அவள் வீசிப் பார்த்து, "இன்னும் ஒண்ணு" என்றாள். வைத்தேன். உரித்த துண்டுகள் என்பதால் பசை நிற்கவில்லை. கீறல் விட்ட மட்டையிலிருந்து கனியே டேப்பை உரித்துக் கொடுத்தாள். அதையே வைத்துச் சுற்றினேன். சுந்தராம்பாள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டயர் கடைக்காரரா?" என்றார். கம்பெனி என்று திருத்த எனக்கு நேரமில்லை.

மட்டையைக் கொடுத்தாரே தவிர, வேறு எதையும் அந்தம்மா கொடுக்கவில்லை. முதல் செட்டைப் பிடுங்கிக்கொண்டார். கனிக்கு ஓடி ஓடி நாக்குத் தள்ளிவிட்டது. இரண்டாவது செட்டில் கனிக்குக் கை படிந்து, அதை அவள் எடுத்தாள். மூன்றாவதில் பேச்சும் விசிலும் நின்றுபோயின. எங்கள் ஆள், உங்கள் ஆள் என்பதெல்லாம் போய் எல்லோரும் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். டப், டப் என்று கனமான, சுத்தமான சத்தம். இந்தப் பக்கம் அடித்தது எது, அந்தப் பக்கம் அடித்தது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. தினமும் சுவரில் தனியாக அடித்துக்கொண்டிருந்தவளுக்கு இன்றைக்குத்தான் பதில் கிடைக்கிறது என்று தோன்றியது.

வெயில் சாய்ந்து, வலையின் நிழல் கோர்ட்டுக்கு வெளியே நீண்டுவிட்டது. கனி ஆறு, அவர் ஐந்து. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கனி ஜெயித்துவிடுவாள். சந்திரலேகா மேடம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். என்னால் பார்க்க முடியவில்லை. திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டேன். டப். டப். போய்க்கொண்டே இருந்தது. யாரும் தப்பு செய்வதாக இல்லை. டப். டப்.

டொக்.

சட்டத்தில் பட்ட சத்தம். மோட்டார் அறைச் சுவரடியில் என் கையாலேயே எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். யாருடையது என்று தெரியாமல் கண்ணைத் திறந்தேன்.

பந்து காலேஜ் கட்டிடத்துக்கும் மேலே, வெயில் இன்னும் மிச்சம் இருந்த உயரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தது. சுந்தராம்பாள் தன் மட்டையின் ஓரத்தைப் பார்த்துவிட்டு, பிறகு அவரும் தலையைத் தூக்கினார். கோர்ட்டைச் சுற்றி எல்லா முகங்களும் மேலே பார்த்தன. வேலை, காண்ட்ராக்ட், மாதக் கடைசி எல்லாம் அந்தப் பந்தோடு மேலே போய்விட்டிருந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சமயத்தில் எனக்கு அவற்றில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

கனி மெதுவாக இரண்டு அடி பின்னால் போனாள். இடது கையை உயர்த்தி, ஒற்றை விரலால் பந்தைக் காட்டியபடி நின்றாள். வலது கையில், தோளுக்குப் பின்னால், அந்தச் சின்னத் தலை தயாராகத் தொங்கியது. டேப் ஒரு பக்கம் பிரிந்து, நான் ஒட்டிய ஈயத்தில் ஒரு துண்டு வெயில் பட்டு மின்னியது. பந்து இறங்கத் தொடங்கியது.