மாதிரிக் கையெழுத்து

தேர்தல் அலுவலகத்தின் மாடிப்படி தொடங்கும் இடத்தில் சக்கர நாற்காலியை நிறுத்தி, பிரேக்கைப் போட்டுவிட்டு, அப்பா வழக்கம்போல அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தார். குடோனில் மூட்டை தூக்கிப் பழகிய முதுகு. பள்ளிக்கூடம், கல்லூரி, வங்கி, பல் டாக்டர் என்று இதுவரை அவள் ஏறிய மாடிகளெல்லாம் அந்த முதுகில் ஏறியவைதான்.

"ம், பிடிச்சுக்கோ பாப்பா."

"நான் ஏறலப்பா. ஆபீசரு இறங்கி வரட்டும்."

அப்பா உட்கார்ந்தபடியே தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார். வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். படித்தது என்னவோ பொருளாதாரம். வக்கீல் பட்டம் வாயால் வந்தது. வக்கீல் ஒன்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அவள் மடியில் அந்தக் கடிதம் இருந்தது. போன தேர்தலில் முதன்முறையாகத் தபாலில் ஓட்டுப் போட்டிருந்தாள். எண்ணி முடித்த பிறகு எத்தனை மாதம், ஜெயித்தவரைத் தன் ஓட்டுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் மாதிரி திட்டித் தீர்த்திருப்பாள்! அந்த ஓட்டை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. உறை மேல் போட்ட கையெழுத்து அலுவலகத்தில் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை, ஆகவே நிராகரிக்கப்பட்டது, வரும் தேர்தலுக்கு மாதிரியைச் சரிசெய்ய நேரில் வரவும், முதல் மாடி. கடைசி நாள் இன்று. இன்று விட்டால் இந்த முறையும் அவள் ஓட்டு குப்பைக்குத்தான். படியேற முடியாது என்பதால்தான் தபால் ஓட்டே கேட்டாள். தபால் ஓட்டு வேண்டுமென்றால் படியேறி வா என்கிறார்கள். இதை எழுதியவருக்கு எழுதும்போது சிரிப்பு வந்திருக்காது. அதை நினைத்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் சொன்னதை மேலே போய்ச் சொல்லிவிட்டு வாசல் காவலாளி திரும்பி வந்தார். "சார் பிசியா இருக்காராம். உங்களைத் தூக்கிட்டு வரச் சொல்றாரு."

"நான் பிசியா இல்லைன்னு சொல்லுங்கண்ணே. சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

"நீங்க ரெண்டு பேரும் அசைய மாட்டீங்க, நடுவுல என் கால்தான் தேயுது" என்று முணுமுணுத்தாலும், காவலாளி உற்சாகமாகத்தான் படியேறினார். அவருக்கும் இந்தக் கட்டடத்தில் பொழுது போக வேண்டுமே. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் நாற்காலியைக் கண்டதும் தேவைக்கு மேலேயே சுவரோடு ஒட்டிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மா "ஐயோ பாவம்" என்றார். அப்பா சுவரில் இருந்த அறிவிப்பைப் படிப்பதுபோல நின்றுகொண்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

ஒருவழியாக அலுவலர் இறங்கி வந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, குழந்தைபோல ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, பக்கவாட்டில் இறங்கினார். ஒரு கையில் மாதிரிக் கையெழுத்து அட்டையும் நீல மைப்பெட்டியும். கீழே வந்ததும் அவளைத் தாண்டி அப்பாவைப் பார்த்து, "பொண்ணுக்கு என்ன பிரச்சனை?" என்றார்.

"பொண்ணுக்குக் காது நல்லா கேக்கும் சார். என்னையே கேளுங்க." எப்போதும் கொஞ்சம் குழறுகிற நாக்கு, கோபத்தில் இன்னும் குழறும். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "உங்களுக்கும் முட்டி வலியா? உங்களுக்கும் சேர்த்துதான் லிஃப்ட் கேட்டு மனு எழுதிட்டிருக்கேன்."

அவர் சிரிக்கப் பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். மைப்பெட்டியின் மூடியைத் திறந்து அவள் முன்னால் நீட்டினார். "ரொம்ப சுலபம்மா. கைநாட்டு வெச்சிடுங்க. கையெழுத்துதான் மாறும், ரேகை மாறாது. இனிமே பிரச்சனையே வராது."

கைநாட்டு. குடோனில் வெகுகாலம் அப்பாவுக்கு அதுதான் பெயர். கூலி நாளன்று கணக்கர் "ஏய் கைநாட்டு, வா இப்படி" என்றுதான் கூப்பிடுவார். பள்ளி இறுதி வகுப்பில் அவள்தான் அப்பாவுக்குக் கையெழுத்துக் கற்றுக்கொடுத்தாள். எழுதிக் காட்ட அவள் கை ஒத்துழைக்காது. பிறந்ததிலிருந்து வலது என்று நினைத்தால் இடது போகிற கை அது. அதனால் வாயால் சொன்னாள். மேல ஒரு சுழி போடு, கீழ இழு, இங்க ஒரு கொக்கி. அப்பா நாக்கைத் துருத்திக்கொண்டு அவள் சொன்னதை வரைந்தார். எழுத்து எதுவும் தெரியாமலே தன் பெயரை ஒரு படமாகப் படித்துக்கொண்டார்.

"வெச்சிடு பாப்பா" என்றார் அப்பா இப்போது. "மைதானே. கழுவினா போயிடும்." சொல்லும்போது தன் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி மறைத்து வைத்திருந்தார். அது அவருக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

"எழுதத் தெரியாதவங்க வைக்கட்டும் சார், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. எழுதத் தெரிஞ்சவளை ஏன் வைக்கச் சொல்றீங்க? இன்னிக்கு நான் வெச்சிட்டா, என்னை மாதிரி கை இருக்கற அத்தனை பேருக்கும் இந்த டப்பாவைத்தானே நீட்டுவீங்க? அட்டையைக் கொடுங்க."

பேனாவை முஷ்டிக்குள் இறுக்கிக் கையெழுத்துப் போட்டாள். முதல் எழுத்து கட்டத்துக்கு வெளியே போய் விழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று போட்டாள். அது முந்தியதற்குத் தூரத்துச் சொந்தம் மாதிரிகூட இல்லை. மூன்றாவது, அட்டையையே கீறியது.

"இதுல எதும்மா உங்க கையெழுத்து?"

"எல்லாமே."

அலுவலர் பெருமூச்சு விட்டு, சாட்சிக் கையெழுத்துக்கு அட்டையை அப்பாவிடம் நகர்த்தினார். அப்பா சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, சாட்சிக்கென்று இருந்த இரண்டு இடத்திலும் நிதானமாக வரைந்தார். அச்சில் வார்த்ததுபோல இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"பாருங்க, அப்பா எவ்வளவு அழகா ஒரே மாதிரி போடறாரு!"

"அவருக்கு அது ஒண்ணுதான் சார் எழுதத் தெரியும். எனக்கு அது ஒண்ணைத் தவிர எல்லாம் எழுதத் தெரியும். ஆனா உங்க ஆபீசுக்கு அந்த ஒண்ணுதான் வேணும்."

அப்பா திடீரென்று சிரித்தார். மூட்டை இறக்கி வைத்தவர் மாதிரி, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். காவலாளியும் சிரித்தார். அலுவலர் மட்டும் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "விதியில ஒரு கட்டம், ஒரு கையெழுத்துதாம்மா."

"ஒண்ணுக்கு மேல போடக் கூடாதுன்னு இருக்கா?"

அவர் யோசித்தார். "அப்படி... எழுதல."

"அப்ப போடறேன். கீழ நீங்க ஒரு வரி எழுதுங்க. இவருடைய கையெழுத்து ஒவ்வொரு முறையும் மாறும், சந்தேகம் வந்தால் நிராகரிக்கும் முன் இவரைக் கூப்பிட்டுக் கேட்கவும்னு. என் போன் நம்பரையும் போடுங்க."

"மேலதிகாரி ஒத்துக்கணும். அந்த வரியை அடிச்சுட்டார்னா என்னைக் கேக்கக் கூடாது."

"அடிக்கட்டும். யார் அடிச்சாங்கன்னு அதுலயே இருக்கும்ல? அப்புறம் அவரு இறங்கி வரட்டும். நீங்க எழுதி, சீல் வெச்சு, எனக்கு ஒரு நகல் கொடுங்க."

அவள் போட்டுக்கொண்டே போனாள். கட்டம் நிரம்பி, ஓரம் நிரம்பி, அட்டையின் பின்புறத்துக்கும் போனாள். தோள் கடுத்தது, முஷ்டி மரத்தது, நிறுத்தவில்லை. பிறகு அலுவலர் வலிக்கிற காலை நீட்டி, அவள் முன்னால் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்து, அட்டையைத் தொடையில் வைத்து அந்த வரியை எழுதினார். "ஒவ்வொரு முறையும்" என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கினார். எழுதிவிட்டார்.

மை காயாத அட்டையைத் தளும்பும் தட்டு மாதிரி கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு அவர் படியேறத் தொடங்கினார்.

"போலாமா பாப்பா?"

"சீல் வரட்டும்பா."

மைப்பெட்டி படியிலேயே திறந்து கிடந்தது. அப்பா குனிந்து அதன் மூடியை அழுத்தி மூடினார். பிறகு, மை ஒட்டாத கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மேலே, ஒவ்வொரு படியிலும் இரண்டு முறை கேட்டுக்கொண்டிருந்தது செருப்புச் சத்தம்.