நண்டு என்னாயிற்று?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஃபிரிட்ஜ் கதவில் பிறந்தது. புதிதாகப் பெற்றோரானவர்கள் தங்கள் குறிக்கோள்களை எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைத்தால் ஊக்கம் குறையாது என்று என் கணவர் அருண்ராஜ் எங்கோ படித்துவிட்டு வந்தார். ஒட்டினோம். அவருக்கு அரை மராத்தான். உமாவாகிய எனக்கு ஒரு சிறுகதை. இன்று மாலை ஐந்து மணிக்குள் ஒரு தொகுப்புக்கு அனுப்ப வேண்டும். ஏழு மாத மகள் இனியாவுக்கு, சாயாமல் உட்காருவது.

சாதித்தால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். இதுவரை இனியாவுக்கு மட்டும் பதினொன்று. எங்களுக்கென்று வைத்திருந்ததில் ஒன்றை அவளே தின்றும்விட்டாள்.*

* மறுநாள் வெளியே வந்துவிட்டது. கவலை வேண்டாம்.

2

முதல் வரி தயார்:

"சுஷ்மிதா துவாஸில் ரயில் ஏறியபோது அவள் பையில் உயிருள்ள நண்டு ஒன்று இருந்தது."

நல்ல வரிதானே? (ஆமாம் என்று சொல்லுங்கள். பிள்ளை பெற்ற பிறகு நான் எழுதிய ஒரே முழு வாக்கியம் இதுதான்.) எனக்கு வாய்விட்டுச் சொல்லாமல் எழுத வராது. ஸ்பிரிங் தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டே வாசித்தேன். "இருந்தது" வருவதற்குள் இனியா தூங்கிவிட்டாள். என் முதல் வாசகி!

கோபம் வந்தது. ஆனாலும் அவள் தூங்கினால்தானே எழுத முடியும்? இரண்டாவது வரியைத் தொடங்கினேன்: "அவளுக்கு எதிரே அமர்ந்திருந்த..."

விழித்துக்கொண்டாள்.

மறுபடி முதல் வரி. தூக்கம். மறுபடி இரண்டாவது: "நண்டு மெதுவாகப் பையிலிருந்து..." அழுகை. இப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது.

3

சுஷ்மிதாமீது எனக்கே சந்தேகம் உண்டு. எதற்காக நண்டோடு போகிறாள்? ரயிலில் மூக்கைத் துளைக்கும் டுரியான் பழம் கூடாது என்று படம் போட்டிருக்கிறார்கள். நண்டைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் அவளை ஏற்றிவிட்டேன்.

இன்று காலை போதும் என்று தோன்றிவிட்டது. கதையும் வேண்டாம், தொகுப்பும் வேண்டாம். ஃபிரிட்ஜ் கதவிலிருந்து என் பங்கை மட்டும் கிழித்தெடுத்தேன். வருத்தமாக இருந்தது. மிகவும்.

4

எழுதாதவளுக்கு வீட்டில் என்ன வேலை? பதினொரு மணிக்கு அருணோடும் இனியாவோடும் நானும் லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். அருண் தினமும் இனியாவைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அங்கேதான் ஓடுவார். ஓடுவது பத்து நிமிடம், பூக்கடையில் நின்று மூச்சு வாங்குவது இருபது நிமிடம். கடைக்கார மாணிக்கம் அண்ணன் என் குரலைக் கேட்டதும் கட்டிக்கொண்டிருந்த மாலையைக் கீழே வைத்தார்.

"நீதானா தங்கச்சி அது? அந்த நண்டு என்னாச்சும்மா?"

"எந்த நண்டுண்ணே?"

"அதான், துவாஸ்ல ட்ரெயின் ஏறுச்சே! தம்பி தினம் போன்ல உன் குரலப் போடுறாரு. புள்ள தூங்கிடுது. எனக்குத்தான் மண்டை காயுது. முந்தாநாள் ஒரு கல்யாண மாலையில ரோஜா வைக்கவே மறந்துட்டேன்."

அருணைப் பார்த்தேன்.

"ரெக்கார்ட் பண்ணேன் லா. ஃபர்ஸ்ட் லைன் மட்டும். வேற எதுக்கும் தூங்க மாட்டேங்குறா. இப்ப பக்கத்து நகைக்கடையிலயும் கேக்குறாங்க."

அழுகை வந்துவிட்டது. மல்லிகை வாசம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

5

இப்போது மணி நாலு ஐம்பத்திரண்டு. கிழித்ததை டேப் போட்டு ஒட்டியாயிற்று. கைவசம் இருக்கும் முடிவுகள்:

நண்டு தஞ்சோங் பகாரில் தானே இறங்கிப் போகிறது. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதாம்.

சுஷ்மிதா அதைக் கடலில் விடுவதற்காக... (கடல் துவாஸிலேயே இருக்கிறதே. அடித்துவிட்டேன்.)

மிளகாய் நண்டு. (மாணிக்கம் அண்ணன் சைவம். தாங்கமாட்டார்.)

வாசித்துப் பார்க்கிறேன். இனியா தூங்கவில்லை. அழவும் இல்லை. தொட்டில் துணியை விலக்கிக்கொண்டு, கண்ணை அகல விரித்து என்னைப் பார்க்கிறாள். முதல் முறையாகக் கதை கேட்கிறாள்! பிறகு முகம் சிவக்கிறது. முக்குகிறாள். டயப்பர்.

முடிவெழுத நாலு நிமிடம் வேண்டும். டயப்பர் மாற்றவும் நாலு நிமிடம். இருப்பது ஐந்து. அருண் முதல் தடவையாக இருபத்தொரு கிலோமீட்டரையும் ஓடிப் பார்க்கப் போயிருக்கிறார், கூப்பிட மாட்டேன்.

ஆகவே இதை இப்படியே அனுப்புகிறேன். லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலைப் பக்கம் போனால், நண்டு என்னாயிற்று என்று மாணிக்கம் அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எதைச் சொன்னாலும் நம்புவார். அப்படியே எனக்கும் சொல்லுங்கள். இனியா காத்திருக்கிறாள்.